மரவரிப் பூச்சு: பழைய கார்களின் உட்புறத்தில்

இரும்புத் தகட்டின் மேல் மரத்தின் நிறத்தையும் ரேகையையும் வண்ணத்தாலும் மையாலும் வரவழைக்கும் வேலைக்கு மரவரிப் பூச்சு என்று பெயர். 1930களிலும் 1940களிலும் அமெரிக்காவில் தயாரான பல கார்களில் டேஷ்போர்டுக்கும், சன்னல் கண்ணாடியைச் சுற்றி உள்பக்கம் வரும் சட்டங்களுக்கும் இந்தப் பூச்சு இருந்தது. பார்க்கிறவர் கண்ணுக்கு வால்நட், மகோகனி. நகத்தால் தட்டினால் தகரச் சத்தம். எண்பது வருட வெயிலில் வெளுத்து, பாளம் பாளமாக வெடித்து, உரிந்துபோன அந்தப் பூச்சை மறுபடி உண்டாக்குவது பழைய கார் புதுப்பிப்பில் ஒரு தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது.

நம் ஊரில் இரும்புக் கதவுக்கும் சிமென்ட் சன்னல் சட்டத்துக்கும் தேக்கு டிசைன் அடிக்கும் பெயின்டர் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். அவர் தேக்கைப் பார்த்து அடிக்கிறார். தேக்கு மாதிரி இருந்தால் வீட்டுக்காரருக்குத் திருப்தி. பழைய காரைப் புதுப்பிப்பவருக்கு மாதிரி வேறு. 1939இல் ஒரு தொழிற்சாலை வால்நட்டை எப்படி அச்சிட்டதோ, அந்த அச்சுதான் அவருக்கு மூலம். அதைவிட நிஜ மரத்துக்கு நெருக்கமாக வந்துவிட்டாலும் அது பிழையே. இந்தத் தொழிலின் நுணுக்கம் எல்லாம் இந்த ஒரு நிபந்தனையிலிருந்தே வருகிறது.

மரம் போய்த் தகடு வந்தது

குதிரை வண்டி கட்டிய தச்சர்களின் கைவழியில்தான் முதல் கார்களின் உடல் உருவாயிற்று. சட்டமெல்லாம் மரம், மேலே தகடு அல்லது பலகை, ஓட்டுநர் முன்னால் மெருகேற்றிய மரப்பலகை. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், மூட்டுகள் கிரீச்சிடும். ஒவ்வொரு வண்டிக்கும் தச்சரின் நேரம் பிடிக்கும். ஃபிலடெல்ஃபியாவில் எட்வர்ட் பட் தொடங்கிய நிறுவனம் 1910களிலேயே டாட்ஜ் கார்களுக்கு முழு எஃகு உடல் செய்து கொடுக்கத் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1935 மாடல்களில் ஒரே தகடாக அழுத்திய எஃகுக் கூரையைக் கொண்டுவந்தது. கூரைக்கும் கதவுக்கும் வந்த அழுத்து இயந்திரம் டேஷ்போர்டுக்கும் வந்தது.

அழுத்து இயந்திரத்தில் ஒரே அடியில் விழும் டேஷ்போர்டுக்கு மேலும் கீழும் பக்கவாட்டிலுமாக வளைவுகள் உண்டு. மரத்தை மெல்லிதாகச் சீவிய வெனீரை ஒரு பக்கமாக வளைக்கலாம். ஒரே சமயத்தில் இரண்டு பக்கமாக வளைத்தால் கிழிந்துவிடும். ஆகவே புதிய வளைவுகளின் மேல் நிஜ மரத்தை ஒட்டும் வழி அடைபட்டது. ஆனால் கார் வாங்குகிறவர் மனத்தில் மரம் என்றால் வரவேற்பறை, வசதி, கௌரவம். வெறும் தகட்டை அவர் முன்னால் வைக்க நிறுவனங்கள் தயங்கின. தகட்டுக்கே மரத்தின் முகத்தைப் பூசும் வேலை அங்கிருந்து தொடங்கியது.

பூசும் கலை ஏற்கெனவே கைவசம் இருந்தது. மலிவான பைன் கதவை ஓக் கதவாகக் காட்டும் தூரிகைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏராளம். அவர்களில் பெயர்பெற்றவர் தாமஸ் கெர்ஷா; 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் மரவரியும் பளிங்குவரியும் வரைந்த பலகைகளுக்காகப் பரிசு வாங்கினார். அமெரிக்காவில் மலிவு விலை மரச்சாமான்களுக்கு ஓக் ரேகையை உருளையால் அச்சிடும் பழக்கம் கார் பெருகுவதற்கு முன்பே பரவியிருந்தது. கார் தொழிற்சாலைகள் இந்த உருளையைத்தான் எடுத்துக்கொண்டன. 1920களின் நடுவில் வந்த டியூக்கோ முதலான நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்கள், நாள்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த வார்னிஷை ஒதுக்கி, அடிநிறமும் மேல்பூச்சும் சீக்கிரம் முடிய வழிசெய்தன.

செவ்ரோலெ, பியூக், பேக்கார்ட், கிரைஸ்லர், ஃபோர்டின் உயர்ரக மாடல்கள் என்று இந்தப் பூச்சைப் பயன்படுத்தாத பெரிய அமெரிக்கப் பெயர் அநேகமாக இல்லை. போரினால் 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது. போர் முடிந்ததும் வந்த 1946 முதல் 1948 வரையான மாடல்களில் பெரும்பாலானவை 1942 வடிவத்தின் தொடர்ச்சி என்பதால் மரவரியும் கூடவே வந்தது. 1949இல் புதிய உடல்கள் வந்தபோது பல டேஷ்போர்டுகள் ஒரே வண்ணத்துக்கும் குரோம் பட்டைக்கும் மாறிவிட்டன.

ஆங்கிலேயக் கார்களை இதனோடு கலக்கக்கூடாது. ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார் போன்றவற்றில் இருப்பது மரத்தின் மேல் ஒட்டிய நிஜ வால்நட் வெனீர். அதைச் சீர்செய்வது தச்சு வேலை, மெருகு வேலை. இந்தக் கட்டுரையின் பொருள் அல்ல.

தொழிற்சாலை அச்சிட்ட விதம்

அச்சுமுறை இரண்டு. முதலாவது குழியச்சு. நிஜமான ஒரு வால்நட் பலகையைப் படமெடுத்து, அந்தப் படத்தை உலோகத் தகட்டில் நுண்ணிய குழிகளாக அரித்தெடுப்பார்கள். ரேகை கறுத்திருக்கும் இடத்தில் குழி ஆழம், வெளுத்த இடத்தில் குழி இல்லை. தகடு முழுவதும் பழுப்பு மையைத் தேய்த்து, மேற்பரப்பை வழித்துவிட்டால் குழிகளில் மட்டும் மை தங்கும். மிருதுவான ஓர் உருளையை அதன் மேல் ஓட்டினால் மை உருளைக்கு ஏறும். உருளையை அடிநிறம் பூசிய டேஷ்போர்டின் மேல் ஓட்டினால் ரேகை அங்கே இறங்கும். உருளை மிருதுவாக இருப்பதால் வளைவுக்கும் விளிம்புக்கும் இணங்கிப் போகும். இந்த முறையின் உயிர் அந்த மிருதுவில்தான் இருக்கிறது.

இரண்டாவது, ஒட்டுப்படம். கிளீவ்லாண்டின் டை-நாக் நிறுவனம் மர ரேகையை மெல்லிய படலத்தில் அச்சிட்டுக் கொடுத்தது. தாளிலிருந்து படலத்தைத் தகட்டுக்கு மாற்றி, மேலே லாக்கர் அடிப்பார்கள். இந்தப் படலம் பிறகு காரின் வெளிப்புறத்துக்கும் போயிற்று. ஃபோர்டின் கன்ட்ரி ஸ்கொயர் 1950இல் நிஜ மரப் பக்கங்களோடு தொடங்கியது; 1952இல் எஃகுப் பக்கங்களில் மகோகனிப் படலமும் சுற்றிலும் மரச்சட்டமுமாக மாறியது. அந்தப் பெயரில் போலி மரம் ஒட்டிய வண்டிகள் 1991 வரை வந்தன. பிற்காலத்தில் டை-நாக் என்ற பெயர் 3எம் நிறுவனத்தின் கைக்கு மாறியது.

ஒரே டேஷ்போர்டில் இரண்டு மரங்கள் வருவதும் உண்டு. நடுவில் கழலை வால்நட், ஓரங்களில் நேர்வரி வால்நட். கழலை என்பது மரத்தில் புடைத்து வளரும் கட்டி. அதை அறுத்தால் ரேகை நேராக ஓடாமல் சுழிசுழியாகக் கண்கண்ணாக இருக்கும். இரண்டும் சேரும் கோட்டில் மெல்லிய கறுப்புக் கரை வைத்த மாடல்களும் இருந்தன. இவை எல்லாம் ஒவ்வொரு ஆண்டுக்கும் மாடலுக்கும் மாறும்.

உரிப்பதற்கு முன்

புதுப்பிப்பில் மிகப் பெரிய சேதம் முதல் மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. டேஷ்போர்டைக் கழற்றிய உற்சாகத்தில் பெயின்ட் ரிமூவரை ஊற்றிச் சுரண்டிவிட்டால், அந்தக் காரின் மரம் எது என்பதற்கான ஒரே சாட்சி சாக்கடையில் போய்விடும். புத்தகத்தில் இருக்கும் படங்கள் நிறம் மங்கியவை. இன்னொரு புதுப்பித்த காரைப் பார்த்துச் செய்தால் அதைப் புதுப்பித்தவர் செய்த தவறையும் சேர்த்துப் படியெடுப்போம்.

வெயில் படாத இடங்களில் அசல் நிறம் பிழைத்திருக்கும். ஆஷ்ட்ரேயின் அடி, கடிகார வளையத்தின் கீழ், கிளவ் பாக்ஸ் கதவின் கீல் மறைவு, சன்னல் உட்சட்டம் ரப்பருக்குள் புகும் ஓரம் ஆகியவற்றை முதலில் தேட வேண்டும். சாயத்தை வெளுக்க வைப்பது வெயிலின் புற ஊதாக் கதிர். லாக்கரும் காலப்போக்கில் மஞ்சளாகும். ஆகவே வெயில் படாத இடத்திலும் மேலே உள்ள மஞ்சள் படலத்தை நேர்த்தியாகத் தேய்த்து நீக்கிப் பார்த்தால்தான் அன்றைய அடிநிறம் கிடைக்கும். நிறஅட்டையும் அளவுகோலும் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும். ரேகை எந்தத் திசையில் ஓடுகிறது, சட்டத்தின் மூலையில் ரேகை திரும்புகிறதா அல்லது அப்படியே குறுக்காக ஓடிவிடுகிறதா, உருளை தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சந்திக்கும் மூட்டு எங்கே என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். நல்ல தச்சர் மூலையில் ரேகையை மடக்கிச் சேர்ப்பார்; தொழிற்சாலை உருளைக்கு அந்தக் கவலை எப்போதும் இருந்ததில்லை. அது மடக்காத இடத்தில் நாம் மடக்கக்கூடாது.

பூதக்கண்ணாடியில் பார்த்தால் முறையும் தெரிந்துவிடும். குழியச்சானால் ரேகை நுண்புள்ளிகளாகப் பிரியும். கையால் வரைந்ததானால் தூரிகை மயிரின் இழுப்பு தெரியும்.

தகட்டைத் தயாரிப்பது

இந்தப் பகுதியில் டிங்கரிங் பட்டறைக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூள் கிளப்பாமல் ரிமூவராலோ ஈரமாகவோ எடுப்பது நல்லது. மெல்லிய சட்டங்களை வேகமான மணல்வீச்சில் கொடுத்தால் நெளிந்துவிடும். துரு நீக்கி, நசுங்கலை எடுத்து, பிரைமர் அடித்து, பட்டி பார்த்து, 400, 600 எண் வாட்டர் பேப்பரில் தேய்த்து முடிக்க வேண்டும். சாதாரணப் பெயின்டில் மறைந்துவிடும் ஒரு கீறல் இங்கே மறையாது. உருளை அந்தக் கீறலில் இறங்காமல் தாண்டிப்போய், ரேகைக்கு நடுவே வெள்ளைக் கோடு விட்டுவிடும்.

உருளை அச்சு

தொழிற்சாலை குழியச்சில் செய்த காருக்கு உருளை முறையே உரியது. மற்றவை எல்லாம் சமரசம். இன்று அரித்தெடுத்த தகடுகளும், ஒளியில் இறுகும் பிளாஸ்டிக் தகடுகளும் பயன்படுகின்றன. கெடாத அசல் பாகம் ஒன்று கிடைத்தால் அதை ஸ்கேன் செய்து, அதன் ரேகையையே தகடாக்கிவிடலாம். உருளைக்கு சிலிக்கோன் அல்லது யூரிதேன் ரப்பர்.

கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியது அடிநிறம். மை கறுக்க மட்டுமே முடியும், வெளுக்க முடியாது. ஆகையால் மரத்தில் மிக வெளுத்த இடம் எந்த நிறமோ, அதுவே அடிநிறம். வால்நட் என்றால் பழக்கமில்லாதவர் பழுப்பை அடிப்பார். அதன் மேல் மை, அதன் மேல் நிறம் கலந்த கிளியர் கோட் எல்லாம் ஏறி முடியும்போது டேஷ்போர்டு கருங்காலி ஆகிவிடும். சரியான அடிநிறம் தனியாகப் பார்க்கும்போது சந்தேகத்தைக் கிளப்பும் அளவுக்கு வெளுத்திருக்கும்: வால்நட்டுக்குக் காய்ந்த வைக்கோலின் மஞ்சள், மகோகனிக்குச் செம்மண் சேர்ந்த ஆரஞ்சு.

அடுத்தது உருளையின் நீளக் கணக்கு. ஒரு சுற்றில் உருளை தன் சுற்றளவு தூரத்துக்கு மட்டுமே புதிய ரேகை தரும். 15 செ.மீ. விட்டமுள்ள உருளை 47 செ.மீ. வரை ஓடும், அதற்கு மேல் உருட்டினால் மை தீர்ந்த இடம்தான் திரும்ப வரும். 120 செ.மீ. அகல டேஷ்போர்டை மூட்டில்லாமல் ஒரே ஓட்டத்தில் முடிக்க ஏறக்குறைய 38 செ.மீ. விட்டம் வேண்டும். அத்தனை பெரிய உருளை இல்லாதவர் மூன்று ஓட்டமாகப் பிரித்து, மூட்டுகளைக் கடிகாரத் துளை, ரேடியோத் துளை ஆகியவற்றின் மேல் விழும்படி திட்டமிடுகிறார். மையைத் தகட்டில் பரப்பி, பட்டி பிளேடு போன்ற வளையும் தகட்டால் ஒரே இழுப்பில் வழிக்க வேண்டும். இரண்டாம் இழுப்பு குழியிலிருக்கும் மையையும் வாரிவிடும். மை தகட்டிலும் உருளையிலும் காய்வதற்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். கோடை நடுப்பகலில் அந்த நேரம் மிகவும் குறுகிவிடும்.

ஒரு சலுகை மட்டும் உண்டு. மையை எண்ணெய் வகையாகவும் அடிநிறத்தை டர்பன்டைனுக்குக் கரையாத வகையாகவும் வைத்துக்கொண்டால், பிசகிய அச்சைத் துணியில் டர்பன்டைன் நனைத்துத் துடைத்துவிடலாம். அடிநிறம் அப்படியே நிற்கும். முதல் பாகத்துக்குப் பத்துத் தடவை துடைத்தவர்கள்தான் பதினோராம் தடவை நன்றாக உருட்டுகிறார்கள். கை அழுத்தம் சற்றுக் கூடினால் ரேகை தடித்து வழுக்கும், குறைந்தால் விட்டுவிட்டு விழும். இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. பழைய தகடுகளில் உருட்டிப் பார்த்தே கை அறிய வேண்டும்.

கையால் வரைதல்

உருளை எட்டாத ஆழ்ந்த குழிவுகளுக்கும், ஒட்டுப்போடும் சிறு சேதங்களுக்கும் தூரிகை வேண்டியிருக்கிறது. கிளியர் கோட்டில் ஒரு துண்டு உரிந்து, மீதி நன்றாக இருக்கும் டேஷ்போர்டை முழுவதும் உரிப்பதைவிட அந்தத் துண்டை மட்டும் கையால் நிரப்புவது மேல் என்பது என் கருத்து. அசல் பூச்சு பிழைத்த ஒவ்வொரு சதுர அங்குலமும் அடுத்த புதுப்பிப்பாளருக்குப் பாடம்.

ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன், சுட்ட அம்பர், சியன்னா மண் நிறங்கள் சேர்ந்த மெல்லிய கலவையை அடிநிறத்தின் மேல் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே ரேகையை எடுக்க வேண்டும். இங்கே ரேகை என்பது பெரும்பாலும் போடுவதல்ல, எடுப்பது: எஃகு அல்லது ரப்பர் சீப்பால் இழுத்தால் கலவை வழிந்து அடிநிறம் கோடாகத் தெரியும். நேர்வரிக்குச் சீப்பு. ஓக் மரத்தின் குறுக்கே மின்னும் வெள்ளிப் பட்டைகளுக்குத் துணி சுற்றிய கட்டைவிரல் நகம். மரத்தின் நுண்துளைகளுக்கு நீண்ட மயிர்த் தூரிகையைத் தட்டையாக வைத்து அடித்துக்கொண்டே போவது. கழலைக்குக் கசக்கிய துணியால் ஒற்றி, தூரிகையை முறுக்கிச் சுழி எடுத்து, விரல் நுனியால் கண் வைப்பது. கடைசியில் பேட்ஜர் மயிரால் ஆன மென்தூரிகை, பட்டும் படாமலும். அதுவரை வண்ணமாகத் தெரிந்தது அப்போதுதான் மரமாகத் தெரியத் தொடங்கும். எண்ணெய்க்குப் பதில் பழைய பீரிலோ வினிகரிலோ நிறத்தைக் கரைத்து வரைந்த தலைமுறையும் உண்டு. அது நிமிடங்களில் காயும். தண்ணீர் பட்டால் கரையும் என்பதால் உடனே வார்னிஷ் பூச வேண்டும்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடக்கூடாது. எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது வெளியாகும் சூட்டில் அது தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும்.

தண்ணீர்ப் படலமும் பிற வழிகளும்

ஜப்பானிலிருந்து பரவிய தண்ணீர் அச்சுமுறையை இன்று ஹைட்ரோ டிப்பிங் என்ற பெயரில் ஹெல்மெட்டுக்கும் பைக் பாகங்களுக்கும் நம் நகரங்களிலேயே செய்கிறார்கள். தண்ணீரில் கரையும் பாலிவினைல் ஆல்கஹால் படலத்தில் அச்சிட்ட மர ரேகையை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, படலம் இளகியதும் கரைப்பான் தெளித்து, பாகத்தைச் சாய்வாக அமிழ்த்துவார்கள். படலம் கரைந்துவிட, மை பாகத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் அப்பிக்கொள்ளும். எந்த வளைவும் இதற்குத் தடையில்லை. ஆனால் விற்கும் படலங்களின் ரேகை இன்றைய கார்களுக்காக வரைந்தது. ஆழமான விளிம்புகளில் அது இழுபட்டு நீளும். ஓட்டி மகிழும் காருக்கு இது தாராளமாகப் போதும். போட்டிக்கு வைக்கும் காருக்குப் போதாது: 1935இல் தொடங்கிய அமெரிக்கப் பழங்கார் சங்கத்தின் போட்டிகளில் கார் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நிலையே அளவுகோல்.

ஒட்டும் வினைல் படலம் தட்டையான பகுதிகளில் நன்றாக உட்காரும். இருபுற வளைவில் சூடுகாட்டி இழுக்க வேண்டும், இழுத்த இடத்தில் ரேகை அகலும்.

மேல்பூச்சு

காய்ந்த ரேகையின் மேல் முதல் கிளியர் கோட்டை ஈரமாக அடித்தால் அதன் கரைப்பான் மையைக் கரைத்து ரேகையை வழியவிடும். பனித்துளிபோல இரண்டு மூன்று தடவை தூவி, அது பிடித்த பிறகே நிறைய அடிக்க வேண்டும். ஓரங்கள் சற்று இருண்டு நடு ஒளிரும்படி தொழிற்சாலை நிழல் அடித்திருந்தால், கிளியர் கோட்டில் துளி பழுப்புச் சாயம் கலந்து அந்த நிழலையும் கொண்டுவர வேண்டும். இரு பாகமாகக் கலக்கும் இன்றைய யூரிதேன் கிளியர் கோட் வெயிலை நன்றாகத் தாங்கும். கண்ணாடிபோல ஆழமாகவும் பளபளக்கும். அந்தப் பளபளப்புதான் அதன் குறை. அன்றைய லாக்கரின் மினுக்கம் மெல்லியது, அடக்கமானது. யூரிதேன் அடித்தவர்கள் மிக நுண்ணிய தாளில் தேய்த்து மெருகைக் குறைத்தால் ஓரளவு பழைய தோற்றம் கிடைக்கும். யூரிதேன் கிளியர் கோட்டில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுப்பது. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் பட்டறை வழக்கம் இதற்குச் சற்றும் போதாது, வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும்.

இந்தியாவில்

இந்த வண்டிகள் நமக்கு அந்நியமானவை அல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் கார் பூட்டும் ஆலையைத் திறந்து 1954 வரை நடத்தியது. ஃபோர்டும் அந்தக் காலத்தில் சென்னை உள்ளிட்ட துறைமுக நகரங்களில் இயங்கியது. போருக்கு முன்னும் பின்னும் வந்த செவ்ரோலெ, பியூக் கார்கள் இங்கே பல பெயின்டர்களின் கைகளைக் கடந்தவை. மரவரி கெட்டபோது காபிப் பொடி நிறத்தில் ஒரே பூச்சாக அடித்துவிடுவதே எளிய வழியாக இருந்தது. அந்தப் பூச்சுக்கு அடியில் அசல் ரேகை பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால், இங்கே உரிப்பதை இன்னும் நிதானமாக, அடுக்கு அடுக்காகச் செய்ய வேண்டும்.

இந்தியாவுக்கு வந்தவை வலப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள வண்டிகள். மீட்டர்களின் இடமும் கிளவ் பாக்ஸின் இடமும் மாறியிருப்பதால், அமெரிக்க வண்டிக்கென அளவாக வெட்டி விற்கும் படலம் இந்த டேஷ்போர்டில் பொருந்தாது. இடவலமாகத் திருப்பிப் போட்டாலும் எல்லாத் துளைகளும் ஒத்துவராது. உருளைக்கு அந்தச் சிக்கல் இல்லை. எந்தத் துளை எங்கே இருந்தாலும் அதன் மேல் ஓடிவிடும். மூட்டை மறைக்கும் இடங்களை மட்டும் அந்த வண்டிக்கென்று புதிதாகக் கணக்கிட வேண்டும்.